தாழ்த்துவது இருக்கட்டும், தண்டு ஓட இடம் இருக்கிறதா?

காரும் கராஜும்: வாசகர் கேள்வி–பதில்

சென்ற இதழில் டயர் தேய்மானம் பற்றி எழுதப்போக, வந்த கடிதங்களில் பெரும்பாலானவை உயரத்தைக் கூட்டிக் குறைக்கும் சஸ்பென்ஷனைப் பற்றியே கேட்கின்றன. கார்க்காரர்கள் அதைக் 'காயில்ஓவர்' என்கிறார்கள், பக்கி (பிக்அப் வண்டி) வைத்திருப்பவர்கள் 'லிஃப்ட் கிட்' என்கிறார்கள். இந்த முறை பக்கம் முழுவதும் அதற்கே.

கேள்வி: என்னிடம் 2011 கோல்ஃப் 6 ஜிடிஐ இருக்கிறது. தினமும் டர்பன் பக்கமுள்ள உம்ஹ்லாங்காவுக்கு வேலைக்குப் போய் வருகிறேன். நான்கு ஷாக்கும் (ஷாக் அப்சார்பர்) தேய்ந்துவிட்டன. ஒரு கடையில் பழைய ஷாக் போல் புதியது போட்டு லோயரிங் ஸ்பிரிங் (வண்டியைத் தாழ்த்தும் குட்டை ஸ்பிரிங்) மாட்டினால் போதும் என்கிறார்கள். இன்னொரு கடையில் உயரம் மட்டும் மாற்றும் காயில்ஓவர், மூன்றாவதில் ஷாக்கின் தடுப்பையும் 30 நிலைகளில் மாற்றும் '30 கிளிக்' காயில்ஓவர். பின்சீட்டில் அம்மாவும் இரண்டு பிள்ளைகளும் வருவார்கள். எதை வாங்குவது? (சாட்ஸ்வொர்த் வாசகர்)

பதில்: முதலில் ஒரு விஷயம். உங்கள் கோல்ஃப் 6 ஜிடிஐ கம்பெனியிலிருந்து வரும்போதே சாதாரண கோல்ஃபை விட முன்னால் 22 மி.மீ., பின்னால் 15 மி.மீ. தாழ்ந்துதான் வந்தது. அதற்கும் கீழே 60 மி.மீ. இறக்கலாம் என்று பெட்டியில் போட்டிருந்தால், இறக்க முடியும் என்று பொருளே தவிர, இறக்கி ஓட்ட முடியும் என்று பொருளல்ல.

சக்கரம் மேலே போய்வர ஷாக்கின் தண்டுக்கு இடம் வேண்டும். மரை போட்ட உடலில் ஸ்பிரிங் அமரும் வளையத்தைக் கீழே இறக்கி வண்டியைத் தாழ்த்தும் கிட்டில், ஒவ்வொரு மி.மீ. தாழ்த்தும்போதும் அந்த இடத்தில் ஒரு மி.மீ. போய்விடும். தண்டு ஓடி முடிந்ததும் வண்டி ரப்பர் போன்ற பம்ப் ஸ்டாப்பரில் உட்காரும். அதன் பிறகு ஸ்பிரிங் எது, ஷாக் எது, கம்பெனி எது என்பதெல்லாம் ஒன்றுதான். அம்மாவின் முதுகில் விழும் அடியும் ஒன்றுதான். ஓட்டுபவர் உட்கார்ந்த நிலையில், பம்ப் ஸ்டாப்பர் தொடுவதற்கு முன் முன்பக்கத் தண்டில் 40 மி.மீ.யாவது மிச்சம் இருக்க வேண்டும் என்பது எங்கள் கணக்கு. இப்போதுள்ள உயரத்திலிருந்து 20 முதல் 25 மி.மீ. இறக்கினால் இது பெரும்பாலும் கிடைக்கும்.

இன்னொரு வகையில் உயரத்தை அடியிலுள்ள பிராக்கெட்டைத் திருகி மாற்றலாம். பிசி ரேசிங், டெய்ன் ஃப்ளெக்ஸ் போன்றவை இப்படி. இதில் தாழ்த்தினாலும் தண்டின் ஓட்டம் குறையாது. கேட்க நன்றாக இருக்கும், ஆனால் குறையாத அந்த ஓட்டத்தோடு டயர் எங்கே போகும் என்று யாராவது பார்த்தார்களா? ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு, ஷாக்கை மட்டும் மாட்டி, ஜாக்கியால் சக்கரத்தை முழுக்க மேலே தூக்கி, டயர் மட்கார்டின் உள்ளே எதில் முட்டுகிறது என்று பார்த்த பிறகே உயரத்தை முடிவு செய்ய வேண்டும். பிராக்கெட்டுக்குள் குறைந்தபட்சம் எவ்வளவு மரை ஏறியிருக்க வேண்டும் என்பதையும் கிட்டோடு வரும் தாளில் பாருங்கள்.

அடுத்தது ஸ்பிரிங்கின் கடினம். இதைக் கடைக்காரரிடம் எண்ணாகக் கேளுங்கள். 'ஸ்போர்ட்டி' என்று பதில் வந்தால் அது பதில் அல்ல. உங்கள் வண்டியில் ஒரு முன்சக்கரத்தின் மேல் உட்காரும் எடை, சக்கரம், பிரேக் போன்றவை நீங்கலாக, சுமார் 370 கி.கி. என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த மூலை நொடிக்கு 1.5 முறை ஆடும்படி அமைத்தால் குடும்பம் உட்காரக்கூடிய, ஆனால் கெட்டியான வண்டி. அதற்குச் சக்கரத்தில் ஏறக்குறைய 3.4 கி.கி./மி.மீ. (ஒரு மி.மீ. அமுக்கத் தேவையான எடை) போதும். நொடிக்கு 2 முறை என்றால் 6 கி.கி./மி.மீ. ஆகிவிடும், அது டிராக்கில் ஓட்டுபவருக்கு. போர்ட் ஷெப்ஸ்டோன் பக்கமுள்ள டெஸி ரேஸ்வேக்கு வருடத்தில் இரண்டு நாள் போவதற்காக மீதி நாளெல்லாம் ஹிக்கின்சன் ஹைவேயில் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்ட வேண்டுமா என்று யோசியுங்கள்.

பின்பக்க எண்ணைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். உங்கள் வண்டியில் பின் ஸ்பிரிங் ஷாக்கைச் சுற்றி இல்லை; தனியாக, லோயர் ஆர்மின் (சக்கரத்தை வண்டியோடு இணைக்கும் கீழ்க் கை) நடுவில் உட்கார்ந்திருக்கிறது. சக்கரம் 10 மி.மீ. நகர்ந்தால் ஸ்பிரிங் 6 மி.மீ. தான் அமுங்கும் என்று வைத்தால், அந்த விகிதத்தை இருமுறை பெருக்க வேண்டும். 8 கி.கி./மி.மீ. ஸ்பிரிங் சக்கரத்தில் 2.9 தான். முன்னால் 5, பின்னால் 8 என்று எழுதியிருந்தால் 'பின்னால் ரொம்பக் கடினம்' என்று சிலர் சொல்வது இதைத் தெரியாமல்தான்.

கிளிக் விஷயத்துக்கு வருவோம். ஷாக் இரண்டு வேலை செய்கிறது: அமுங்கும்போது தடுப்பது கம்ப்ரெஷன், நீளும்போது தடுப்பது ரீபவுண்ட். கேடபிள்யூ வேரியன்ட் 1, பில்ஸ்டைன் பி14 இரண்டிலும் உயரம் மட்டுமே மாறும். தடுப்பு கம்பெனி வைத்ததுதான். கேடபிள்யூ வேரியன்ட் 2, கோனி மஞ்சள் ஷாக் ஆகியவற்றில் ரீபவுண்ட் மட்டும் மாறும். வேரியன்ட் 3யில் இரண்டும் தனித்தனியாக. பில்ஸ்டைன் பி16இல் 10 நிலை, பிசி ரேசிங்கின் பிஆர் வகையில் 30 நிலை. இவற்றில் ஒரே திருகு இரண்டையும் சேர்த்தே மாற்றும். 30 நிலை இருப்பதால் 10 நிலையை விட மூன்று மடங்கு நல்லது என்று ஆகாது. ஸ்பிரிங்குக்குத் தகுந்த வால்வை ஒரு நல்ல கம்பெனி ஒரே நிலையில் வைத்துக் கொடுத்தால், அது தப்பான 30 நிலைகளை விட மேல்.

லோயரிங் ஸ்பிரிங்கை உங்களுக்குச் சொல்லமாட்டோம் என்பதில்லை. ஆனால் சாதாரண ஷாக்கில் குட்டையான ஸ்பிரிங் போட்டால் தண்டு எப்போதும் கீழ்ப்பகுதியிலேயே ஓடும். ஷாக் சீக்கிரம் போகும். போடுவதானால் தாழ்ந்த ஸ்பிரிங்குக்கென்றே செய்த ஷாக்கோடு சேர்த்துப் போடுங்கள். மொத்தத்தில் உங்களுக்கு நாங்கள் சொல்வது: தடுப்பு மாறாத, உயரம் மட்டும் மாறும் நல்ல கம்பெனி கிட். 30 கிளிக் கிட்டுக்கும் அதற்கும் உள்ள வித்தியாசத்தைப் புதிய மேல் மவுண்ட், பேரிங், பம்ப் ஸ்டாப்பர், ஆன்டி ரோல் பார் (வளைவில் வண்டி சாய்வதைக் குறைக்கும் கம்பி) லிங்க், போல்ட்டுகளில் போடுங்கள். இவை பழையதாக இருந்தால் எந்தக் கிட்டும் சத்தம் போடும்.

வாங்கும் முன் இரண்டைப் பார்த்துவிடுங்கள். முன் ஸ்ட்ரட் (ஷாக்கும் ஸ்பிரிங்கும் சேர்ந்த கம்பம்) நக்கிளுக்குள் (சக்கரத்தைத் தாங்கும் பாகம்) நுழையும் இடத்தின் விட்டம் 50 மி.மீ.யா 55 மி.மீ.யா என்று வெர்னியரால் அளக்க வேண்டும். வண்டியின் வருடத்தை மட்டும் சொல்லி வாங்கியவர்கள் திருப்பி அனுப்ப வேண்டியதாகிவிடும். கியர் லீவர் பக்கத்தில் ஷாக் படம் போட்ட பட்டன் இருந்தால் உங்கள் வண்டியில் மின்னணு ஷாக் இருக்கிறது. அதை எடுத்துவிட்டுச் சாதாரணக் கிட் போட்டால் டேஷ்போர்டில் எச்சரிக்கை விளக்கு எரியும். அதை அடக்க ஒரு தனிப் பெட்டியோ கோடிங்கோ தேவை; அல்லது அந்த பிளக்கிலேயே மாட்டும் விலை கூடிய கிட் வாங்க வேண்டும்.

ஏன் இன்னும் தாழ்த்தக்கூடாது என்று உங்கள் தம்பி கேட்டால் இதைச் சொல்லுங்கள். முன்னால் மேக்ஃபர்சன் ஸ்ட்ரட் உள்ள வண்டியில் லோயர் ஆர்ம் படுக்கைநிலையைத் தாண்டி மேல்நோக்கிச் சாய ஆரம்பித்தால், எடைமையம் இறங்குவதை விட வேகமாக, வண்டி சாயும் அச்சு இறங்கிவிடும். இரண்டுக்கும் இடையே தூரம் கூடும். வளைவில் வண்டி முன்னைவிட அதிகமாகச் சாய முயலும். அதை அடக்க இன்னும் கடின ஸ்பிரிங், அதை அடக்க இன்னும் கடின ஷாக். பார்க்க அழகாக நிற்கும் வண்டி எம் 1 சாலையின் வளைவில் முன்னைவிட அதிகமாகச் சாய்வது இதனால்தான்.

கேள்வி: போலோ விவோவுக்கு காயில்ஓவர் போட்டு ஒரு மாதம் ஆகிறது. ஹம்பில் (வேகத்தடையில்) ஏறும்போது முன்னால் 'டொக்', இறங்கும்போது இன்னொரு 'டொக்'. மாட்டிக் கொடுத்தவர் 'ஓட ஓடச் சரியாகும்' என்கிறார். (ஃபீனிக்ஸ் வாசகர்)

பதில்: சத்தம் ஓட ஓடச் சரியாகாது; ஓட ஓட எதையாவது உடைக்கும்.

சக்கரம் அமுங்கும்போது வரும் சத்தமும் தொங்கும்போது வரும் சத்தமும் வேறு வேறு. முன் இரண்டு சக்கரமும் தரையை விட்டுத் தொங்கும்படி ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்டில் நிறுத்தி, ஸ்பிரிங்கைக் கையால் திருகிப் பாருங்கள். சுலபமாகச் சுழன்றால் ஸ்பிரிங் தளர்ந்து நிற்கிறது. ஹம்பைத் தாண்டிச் சக்கரம் கீழே தொங்கும்போது அது இடம் மாறி மறுபடி உட்காருகிறது. அடிப் பிராக்கெட்டில் உயரம் மாற்றும் கிட் என்றால், ஸ்பிரிங் வளையத்தைக் கையால் இறுகும் வரை ஏற்றிவிட்டு உயரத்தைப் பிராக்கெட்டில் சரிசெய்யலாம். வளையம் மட்டும் உள்ள கிட் என்றால் கொஞ்சம் உயரத்தைத் திருப்பிக் கொடுங்கள், அல்லது மெல்லிய துணை ஸ்பிரிங் போடுங்கள்.

ஸ்பிரிங் கெட்டியாக இருந்தால் மேல் நட்டைப் பாருங்கள். காற்றுத் துப்பாக்கியால் இறுக்கினால் நட்டோடு தண்டும் சேர்ந்து சுழலும். 'இறுகிவிட்டது' என்று தோன்றும், இறுகியிருக்காது. சுழன்ற தண்டு உள்ளே வால்வையும் கெடுக்கும். தண்டை ஆலன் கீயால் பிடித்துக்கொண்டு டார்க் ரென்ச்சால் தாளில் சொன்ன அளவுக்கு இறுக்க வேண்டும். அடுத்து, வண்டி நிற்கும்போது ஒருவர் ஸ்டீயரிங்கை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் திருப்பட்டும், இன்னொருவர் ஸ்பிரிங்கில் கை வைக்கட்டும். 'டங்' என்று துள்ளினால் மேல் பேரிங் சுழலவில்லை.

ஆன்டி ரோல் பார் லிங்க் கடைசி. வண்டி தாழ்ந்தால் பழைய லிங்க் தேவைக்கு மேல் நீளமாக நிற்கும். பாரின் நிலை மாறி டிரைவ் ஷாஃப்டிலோ ஆர்மிலோ முட்டலாம். முட்டிய இடத்தில் பெயின்ட் தேய்ந்து பளபளக்கும். குட்டை லிங்க் போட்டால் போகும்.

இவை ஒன்றும் இல்லை, ஹம்பில் ஏறும்போது மட்டும் மந்தமான இடி என்றால் பம்ப் ஸ்டாப்பர். தண்டில் ஒரு கேபிள் டையைச் சுற்றிக் கீழே தள்ளிவிட்டு, வழக்கமான தெருவில் ஒரு சுற்று ஓட்டிவிட்டு வாருங்கள். டை போய் நின்ற இடம்தான் தண்டு ஓடிய தூரம். ஸ்டாப்பரைத் தொட்டு நிற்கிறதென்றால் 10 மி.மீ. உயர்த்தி மறுபடி பாருங்கள். ஸ்டாப்பரை வெட்டி எறிந்துவிடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். பிறகு இரும்பும் இரும்பும் மோதி ஷாக்கின் உட்பகுதி உடையும், எண்ணெய் ஒழுகும்.

கேள்வி: வண்டியைத் தாழ்த்தி 6,000 கி.மீ. கூட ஆகவில்லை, முன் டயர் இரண்டும் உள்விளிம்பில் கம்பி தெரிகிறது. கேம்பர் கிட் வாங்கச் சொல்கிறார்கள். (டோங்காட் வாசகர்)

பதில்: கேம்பரை (சக்கரத்தின் மேல்பகுதி உள்ளேயோ வெளியேயோ சாயும் கோணம்) ஏசுவதற்கு முன் டோவைப் (சக்கரத்தின் முன்பகுதி உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் கோணம்) பாருங்கள். வண்டி தாழ்ந்ததும் ஸ்டீயரிங் கம்பிகளின் சாய்வு மாறி, சக்கரங்கள் உள்நோக்கியோ வெளிநோக்கியோ திரும்பிவிடும். ஒரு சக்கரம் கால் டிகிரி திரும்பியிருந்தால் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் 4.4 மீட்டர் பக்கவாட்டில் இழுபடுகிறது. டோங்காட்டிலிருந்து டர்பனுக்குள் வந்து சேர்வதற்குள் 150 மீட்டருக்கு மேல் டயரைத் தார் ரோட்டில் தேய்த்திருக்கிறீர்கள். டயர் உள்ளே சாய்ந்தும் இருப்பதால் தேய்மானம் உள்விளிம்பில் குவிகிறது. பழி கேம்பருக்குப் போகிறது.

கிட் போட்ட அன்றே அலைன்மென்ட் செய்திருந்தால் அது வீண். ஸ்பிரிங் அமர 200 முதல் 300 கி.மீ. ஆகும். அதன் பிறகு நான்கு மூலையிலும் சக்கர மையத்திலிருந்து மட்கார்டு விளிம்பு வரை அளந்து, இடது வலது வித்தியாசம் 5 மி.மீ.க்குள் வந்த பிறகு அலைன்மென்ட். டாங்கில் பாதி பெட்ரோல், ஓட்டுபவர் சீட்டில் உங்கள் எடைக்குச் சமமான மூட்டை. முதலில் பின்சக்கரம், அப்புறம் முன் கேம்பர், கடைசியில் முன் டோ. தினசரி வண்டிக்கு முன் கேம்பர் மைனஸ் 1 முதல் 1.5 டிகிரிக்குள், டோ பூஜ்யத்திலோ மிகக் கொஞ்சம் உள்நோக்கியோ இருந்தால் டயர் ஒரு விளிம்பில் மட்டும் சீக்கிரம் தேயாது. பிரின்ட் கேட்டு வாங்குங்கள். உயரத்தை மறுபடி ஒரு சுற்று மாற்றினாலும் மறுபடி அலைன்மென்ட்தான்.

இன்னொரு வேலை பலரும் விட்டுவிடுவது: லோயர் ஆர்ம் ரப்பர் புஷ் போல்ட்டுகளை, சக்கரம் தொங்கும்போது இறுக்கிவிடுவார்கள். வண்டியைத் தரையில் இறக்கினதும் புஷ் முறுக்கிக்கொண்டு நிற்கும், சில மாதத்தில் கிழியும், அலைன்மென்ட் தானாக மாறும். சக்கரத்தை ஓடும் உயரத்துக்கு ஜாக்கியால் தூக்கி வைத்த பிறகே அந்த போல்ட்டுகளை இறுக்க வேண்டும்.

கேள்வி: தென் கடற்கரையில் வீடு. இரண்டு வருடத்தில் காயில்ஓவர் வளையம் நான்கும் இறுகிப்போய்விட்டன. சூடு காட்டினால் வருமா? (இசிபிங்கோ வாசகர்)

பதில்: சூடு காட்டாதீர்கள். உள்ளே அழுத்தத்தில் காற்றும் எண்ணெயும் இருக்கிறது, வெடிக்கலாம்.

அலுமினிய வளையம், இரும்பு மரை, நடுவே உப்பு ஈரம். இரண்டு உலோகங்கள் உப்புத் தண்ணீரில் சேர்ந்தால் அலுமினியம் வெள்ளைப் பொடியாக அரித்து மரையை அடைத்துவிடும். பித்தளை பிரஷால் மரையைத் தேய்த்து, வெந்நீரில் கழுவிக் காயவைத்து, துரு இளக்கும் எண்ணெயை அடித்து ஒரு ராத்திரி விடுங்கள். மறுநாள் மறுபடி அடியுங்கள். சின்னப் பூட்டுத் திருகு இருந்தால் அதை முதலில் கழற்றுங்கள். அதை மறந்துவிட்டு வளையத்தோடு மல்லுக்கட்டுபவர்கள் உண்டு. சி ஸ்பேனரால் முதலில் இறுக்கும் பக்கம் கொஞ்சம், பிறகு தளர்த்தும் பக்கம். ஸ்பிரிங்கில் எடை இல்லாதபடி வண்டி தூக்கியே இருக்கட்டும். உளியால் தட்டினால் வளையத்தின் வெட்டு உடைந்துவிடும், அப்புறம் ஸ்பேனருக்குப் பிடி இருக்காது.

கழன்ற பிறகு கிரீஸ் தடவாதீர்கள், மணல் ஒட்டிக்கொள்ளும். காய்ந்துவிடும் மெழுகு வகை ஸ்பிரே நல்லது. மழைக்காலத்துக்கு முன்னும் பின்னும் வளையத்தை இரண்டு சுற்று மேலே, இரண்டு சுற்று கீழே ஓட்டிவிட்டுப் பழைய இடத்துக்குக் கொண்டுவாருங்கள். கடலோரத்தில் புதிதாக வாங்குபவர்கள் துருப்பிடிக்காத எஃகு உடல் கொண்டதைக் கேளுங்கள். கேடபிள்யூவின் இனாக்ஸ் வகை அப்படிப்பட்டது.

கேள்வி: டபுள் கேப் ஹைலக்ஸ் பக்கி. வாரத்தில் நான்கு நாள் காய்கறி மார்க்கெட்டுக்கு, விடுமுறையில் டிராக்கன்ஸ்பர்க் பக்கம், சானி பாஸ். 50 மி.மீ. உயர்த்த வேண்டும். அட்ஜஸ்டபிள் ஷாக் தேவையா, பின் ஸ்பிரிங்குக்குத் துணையாகக் காற்றுப் பை போடலாமா? (பீட்டர்மாரிட்ஸ்பர்க் வாசகர்)

பதில்: உங்களைப் போல் எடை ஏற்றி இறக்குபவருக்குத்தான் கிளிக் உண்மையில் பயன்படும். கோல்ஃப்காரருக்கு வேண்டாம் என்று சொன்னதையே உங்களுக்கு வேண்டும் என்கிறோம். காலி பக்கிக்குச் சரியான தடுப்பு, பின்னால் 500 கி.கி. ஏறியதும் போதாது, வண்டி மிதக்கும். மார்க்கெட்டுக்குப் போகும்போது பின் ரீபவுண்டை மூன்று நான்கு கிளிக் கூட்டி, திரும்பும்போது குறைத்துவிடலாம். அந்தத் திருகு வண்டிக்கடியில் படுக்காமல் எட்டும் இடத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். எட்டாவிட்டால் யாரும் திருகமாட்டார்கள். ஓல்டு மேன் ஈமுவின் பிபி-51இல் இரண்டு தடுப்பும் தனித்தனியாக மாறும், ஆனால் விலை அதிகம்.

ஷாக்கைத் தேடுவதற்கு முன் பக்கியை எடைமேடையில் ஏற்றுங்கள். முன் அச்சு தனி, பின் அச்சு தனி; காலியாக ஒருமுறை, மார்க்கெட் மூட்டைகளோடு ஒருமுறை. இந்த நான்கு எண் இல்லாமல் லீஃப் ஸ்பிரிங் (தகடுகளை அடுக்கிய பின் ஸ்பிரிங்) வாங்குவது கண்ணைக் கட்டிக்கொண்டு செருப்பு வாங்குவது மாதிரி. கடையில் 'நிரந்தர எடை 300 கி.கி.' என்று விற்பார்கள். அதன் பொருள், அந்த 300 கி.கி. எப்போதும் வண்டியில் இருக்க வேண்டும் என்பது. கேனபி (பின்பெட்டியின் மேல்கூடு), டிராயர், இரண்டாம் பேட்டரி போல. உங்கள் மூட்டை மதியத்தில் இறங்கிவிடுகிறது. எனவே நடுத்தர லீஃப் எடுத்துக்கொண்டு, ஏற்றத்தை ஷாக்கால் சமாளியுங்கள்.

முன்னால் இரண்டு வழி. மேலே 25 மி.மீ. ஸ்பேசர் வைத்தால் சக்கரத்தில் 45 முதல் 50 மி.மீ. ஏறும், ஏனென்றால் ஸ்ட்ரட் ஆர்மின் நடுவில் மாட்டியிருக்கிறது. மலிவு, ஆனால் சக்கரம் தொங்கும்போது மேல் ஆர்ம் இடிக்கும், சிவி ஜாயின்ட்டின் (சக்கரத்தைச் சுழற்றும் தண்டின் மூட்டு) கோணம் எல்லைக்குப் போகும். நீளமான, கடினமான ஸ்பிரிங்கும் அதற்கேற்ற ஷாக்கும் போடுவது சரியான வழி. எப்படிச் செய்தாலும் 50 மி.மீ.க்கு மேல் போகாதீர்கள். அதற்கு மேல் காஸ்டர் (ஸ்டீயரிங் அச்சின் பின்சாய்வு) குறைந்து, நெடுஞ்சாலையில் ஸ்டீயரிங் நேராகத் திரும்பாமல் அலையும். சரிசெய்யும் போல்ட்டில் இடம் தீர்ந்து மேல் ஆர்மை மாற்ற வேண்டி வரும். சக்கரத்தைத் தொங்கவிட்டு, ஸ்டீயரிங்கை இரு கோடிக்கும் திருப்பி, பிரேக் குழாயும் ஏபிஎஸ் ஒயரும் இழுபடுகின்றனவா என்று பார்த்த பிறகே தெருவுக்கு எடுங்கள்.

பழைய மாடல் என்றால் பின் அச்சிலிருந்து ஒரு கம்பி மேலேயுள்ள பிரேக் வால்வுக்குப் போகும். பின்பக்கம் உயர்ந்திருந்தால் 'வண்டி காலி' என்று அந்த வால்வு நினைத்துப் பின் பிரேக்கைக் குறைத்துவிடும். லிஃப்ட் கிட் போட்டதும் அந்தக் கம்பியின் பிராக்கெட்டை உயர்த்த வேண்டும். எடை ஏற்றிக்கொண்டு உங்கள் ஊரின் டவுன் ஹில் (Town Hill) இறக்கத்தில் இறங்கும் உங்களுக்கு இது உயிர் விஷயம்.

காற்றுப் பை வேண்டாம். லீஃப் ஸ்பிரிங் தன் இரண்டு முனைகள் மாட்டிய இடங்களில் எடையைச் சேஸிஸில் பிரித்துக் கொடுக்கிறது. அச்சுக்கு நேர் மேலே பை வைத்தால் எடையின் பெரும்பகுதி அந்த இரண்டுக்கும் நடுவில் ஒரே இடத்தில் குத்தும். பின்கோடியில் மூட்டை, கொக்கியில் டிரெய்லர், நடுவில் பை: கேபினுக்குப் பின்னால் சேஸிஸ் வளைந்த டபுள் கேப்களில் பலவும் அப்படி வளைந்தவைதான். இன்னொன்று: லிஃப்ட் கிட் போட்டால் ஏற்றக்கூடிய எடை கூடிவிட்டது என்று நினைக்காதீர்கள். கதவோரத் தகட்டில் எழுதிய மொத்த எடை மாறாது.

கேள்வி: தடுப்பு மாற்றும் கிட் போட்டுவிட்டேன். எத்தனை கிளிக் வைக்க? எல்லாரும் ஒவ்வொன்று சொல்கிறார்கள். (19 வயது, வெருலம்)

பதில்: தம்பி, அடுத்தவர் எண் உங்கள் வண்டிக்கு உதவாது. முதலில் டயர் காற்றைக் குளிர்ந்த நிலையில் சரிபாருங்கள். இரண்டு பிஎஸ்ஐ தவறினாலே கிளிக்கின் பலன் மறைந்துவிடும். திருகைக் கடினப் பக்கம் முழுக்க மெதுவாகத் திருப்பி, தொட்டதும் நிறுத்துங்கள். அங்கே அழுத்தினால் உள்ளே இருக்கும் ஊசி கெடும். அங்கிருந்து எண்ணிக்கொண்டே பாதி வரை தளர்த்துங்கள். இடமும் வலமும் ஒரே எண்.

ஹம்ப், குழி, ஒரு வளைவு, கொஞ்சம் நெடுஞ்சாலை என்று பத்து நிமிடச் சுற்று ஒன்றைத் தேர்ந்துகொண்டு, எப்போதும் அதே சுற்று, அதே வேகம். ஒரு முறைக்கு ஒரு அச்சு மட்டும், மூன்று கிளிக். மேட்டைத் தாண்டியதும் வண்டி இரண்டாவது முறை ஆடினால் ரீபவுண்ட் போதவில்லை. தொடர்ந்து குழிகள் வரும் சாலையில் வண்டி போகப் போக இறுகி, கீழே உட்கார்ந்துகொண்டே போனால் ரீபவுண்ட் அதிகம். சக்கரம் ஒரு குழியிலிருந்து திரும்பி நீளும் முன் அடுத்தது வந்துவிடுகிறது. பலரும் இதை ஸ்பிரிங்கின் கடினம் என்று நினைத்து இன்னும் கூட்டுவார்கள். சின்ன விளிம்பிலும் ஸ்டீயரிங்கில் சுருக்கென்று குத்தினால் கம்ப்ரெஷன் அதிகம். ஒரே திருகில் இரண்டும் மாறும் கிட்டில் இரண்டையும் திருப்திப்படுத்த முடியாது. ரீபவுண்டுக்குப் போதுமான குறைந்தபட்ச இடத்தில் நிறுத்துங்கள். கடைசிச் சோதனை, ஈஸ்டருக்கு மவுண்ட் எட்ஜ்கோம்ப் மாரியம்மன் கோயிலுக்கு வீட்டார் ஐந்து பேரோடு போகும்போது. அப்போது பின்னால் இடித்தால் கிளிக்கால் தீராது. உயரத்தைக் கூட்ட வேண்டும்.

கேள்வி: சஸ்பென்ஷனை மாற்றியதை இன்ஷூரன்ஸுக்குச் சொல்ல வேண்டுமா? (லெனேசியா வாசகர்)

பதில்: ஆம், எழுத்தில். கிட்டின் பெயர், மாட்டிய தேதி, ரசீது, அலைன்மென்ட் பிரின்ட் நான்கையும் மின்னஞ்சலில் அனுப்பி, பாலிசியில் சேர்த்ததற்கான பதிலை வைத்துக்கொள்ளுங்கள். தொலைபேசியில் 'சரி' என்று சொன்னது விபத்துக்குப் பிறகு யாருக்கும் நினைவிருக்காது. வண்டியை விற்கும்போது ரோட்வர்த்தி (சாலைத் தகுதி) சோதனையில் டயர் உரசலும் ஷாக் ஒழுகலும் முதலில் கண்ணில் படும். ஹெட்லைட்டின் உயரத்தையும் தாழ்த்தியதற்கு ஏற்பச் சரிசெய்யுங்கள்.

கேள்வி: பழைய காயில்ஓவர் பாதி விலைக்குக் கிடைக்கிறது. வாங்கலாமா? (சாட்ஸ்வொர்த்திலிருந்து இன்னொருவர்)

பதில்: தண்டைத் துணியால் துடைத்து நகத்தால் மேலிருந்து கீழே ஓட்டிப் பாருங்கள். புள்ளி புள்ளியாக நகம் தட்டினால் வேண்டாம். அந்தப் புள்ளி சீலைக் கிழித்துவிடும். ஸ்பிரிங் இல்லாமல் தண்டை உள்ளே அமுக்கினால் சீராக, நடுவில் வெற்றிடம் இல்லாமல் போக வேண்டும். காற்றழுத்த ஷாக் என்றால் விட்டதும் தானாக மெதுவாக நீளும். நீளாவிட்டால் காற்று போய்விட்டது. திருகை முழுக்க ஓட்டும்போது தடுப்பு கையில் தெரியும்படி மாற வேண்டும். உடலில் பொறித்த பாகம் எண்ணைக் கம்பெனிப் பட்டியலில் தேடி, உங்கள் மாடலுக்குரியதுதானா, சீல் மாற்றி ரீபில்ட் செய்ய முடியுமா என்று பாருங்கள். ரீபில்ட் செய்ய முடியாத மலிவுக் கிட் என்றால் பாதி விலையும் அதிகம். மேல் மவுண்ட், வளையங்கள், சி ஸ்பேனர் இல்லாமல் விற்றால் அவற்றின் புது விலையைக் கடையில் கேட்டுக்கொண்டு, அதைக் கழித்துவிட்டுப் பேரம் பேசுங்கள்.